அக்காவின் வலது கை

என் அக்கா ஜெயக்கொடியின் வலது கை பதினாறு வருடமாக நீட்டியபடியே இருக்கிறது. விரல்களுக்கு நடுவில் இரண்டு நூறு ரூபாய் நோட்டு. எனக்காக நீட்டிய கை அது. நான் வாங்கவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நடந்தது. காலை ஆறரை மணி. நான் வேலை கிடைத்து மெட்ராஸ் கிளம்பினேன். அக்கா ஜன்னல் வழியாகப் பணத்தை நீட்டி, "வச்சுக்கடா" என்றாள். "வேணாம்க்கா" என்றேன். எங்கள் பக்கம் இதற்கு ஒரு முறை இருக்கிறது. வாங்குகிறவர் மூன்று தடவை வேணாம் என்று சொல்ல வேண்டும். கொடுக்கிறவர் மூன்று தடவையும் திணிக்க வேண்டும். நாலாவது தடவை முகத்தைச் சுளித்துக்கொண்டே சட்டைப் பையை லேசாகக் காட்ட வேண்டும். நான் நாலாவது தடவையும் வேணாம் என்றேன். பஸ் கிளம்பிவிட்டது. அக்கா கையை இறக்காமலே வீட்டுக்குப் போனாள்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றுமில்லை என்றார். "வாங்க வேண்டியவர் வாங்கினால் இறங்கிவிடும்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று குறிப்பிடவில்லை.

அக்கா பழகிக்கொண்டாள். இடது கையால் சமைத்தாள். இடது கையால் கையெழுத்துப் போட்டாள். கல்யாணத்தில் அத்தான் அந்தக் கைக்கு அடியில் குனிந்து போய்த்தான் தாலி கட்டினார். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்கள் நோட்டை இழுத்துப் பார்ப்பார்கள். வராது. மாடி வீட்டம்மா மழைக்காலத்தில் இறங்கி வந்து அந்தக் கையில் துண்டு காயப்போடுவார். அக்கா அது காயும்வரை நின்று கொடுப்பாள். விசேஷங்களுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டாள். பந்தியில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டால் நாலு பேர் பார்ப்பார்கள் அல்லவா.

இன்னொரு குறையும் உண்டு. அவளுக்கு இடது முழங்கை அரிக்கும். இடது முழங்கையை இடது கையால் சொறிய முடியாது. சந்தேகம் இருந்தால் முயன்று பாருங்கள். அவள் சமையலறைக் கதவு நிலையில் வைத்துத் தேய்ப்பாள். அந்த இடத்தில் மரம் குழிந்துவிட்டது.

நான் நன்றாகச் சம்பாதிக்கிறேன். இதுவரை யார் காசிலும் ஒரு டீ குடித்ததில்லை. ஹோட்டலில் பில்லை முதலில் பிடுங்குகிறவன் நான்தான். பந்தியில் இரண்டாவது தடவை சோறு வந்தால் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொள்வேன். ஆபீசில் என்னைத் தங்கமான மனுஷன் என்பார்கள். அக்காவுக்கு மிக்ஸி வாங்கிக் கொடுத்தேன். வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். அந்த இருநூறு ரூபாயைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போன பொங்கலுக்கு நோட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. வேணும் என்று வாயால் சொல்லி வாங்க வேண்டுமாம். அந்த வார்த்தை எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே வராது.

போன செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. நீட்டிய கைகள் அலுவலகத்திலிருந்து, அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. 'பதினாறு ஆண்டுகளாக நீட்டிய நிலையில் இருக்கும் கை, வரும் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு சாலைப் பலகைப் பிரிவிடம் ஒப்படைக்கப்படும். கையோடு கைக்குரியவரும் ஒப்படைக்கப்படுவார். வேணாம் என்றவர் அதற்குள் நேரில் வந்து, சொன்ன வேணாமை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.'

முப்பதாம் தேதி மதியம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் கடிதத்தை எண்ணெய்த் தூக்குக்கு அடியில் வைத்திருந்தாள்.

"படிச்சியாக்கா?"

"படிச்சேன். நாலு ரோட்டுல கைகாட்டியா நிக்கணுமாம். நிரந்தரமாவாம்."

"பயமா இல்லையா?"

"உங்க அத்தானுக்கு யாரு சமைப்பான்னுதான் யோசனை."

அத்தான் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நான் கடையில சாப்பிட்டுக்கிறேன். உனக்கும் ஒரு பொட்டலம் கொண்டாந்து தர்றேன்" என்றார். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

நானும் அக்காவும் ஆட்டோவில் போனோம். அக்காவின் கை வலது பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த லாரிகள் நாங்கள் திரும்பப் போகிறோம் என்று நினைத்து நின்றுவிட்டன. எல்லா முக்கிலும் வழி கிடைத்தது.

"உங்களுக்குக் கைகாட்டி வேலை நல்லா வரும்மா" என்றார் ஆட்டோக்காரர்.

நான் அவரை முறைத்தேன். மீதிச் சில்லறையை நீங்களே வச்சுக்கங்க என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அது எனக்குப் பழக்கம்.

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. நீளமான நடை. இரண்டு பக்கமும் பெஞ்சு. பெஞ்சு நிறைய நீட்டிய கைகள். ஒரு ரிடையர்டு வாத்தியார் கவர் ஒன்றை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். கவரில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டியிருந்தது. நடையின் கடைசியில் ஒரு ஜன்னல். அதற்குப் பின்னால் ஒருவர் பேனாவை உதறிக்கொண்டிருந்தார். முப்பது அடி இருக்கும். கடிகாரத்தில் மணி நாலே கால்.

காக்கிச் சேலை கட்டிய ஒரு அம்மா ஃப்ளாஸ்க்கோடு வந்தார். "டீ சாப்பிடுங்க சார்."

"வேணாம்மா. இப்பத்தான் குடிச்சேன்."

ஜன்னல் பின்னால் போனது. சுவர் முனகியது.

"ஒரு வேணாமுக்குப் பத்தடி" என்றார் அந்த அம்மா. "பொய்யும் சேர்ந்தா இருபது."

வாத்தியார் நகர்ந்து இடம் விட்டார். "உட்காருங்க தம்பி."

"இருக்கட்டும் சார், பரவாயில்ல."

பத்தடி.

"பேசாம உட்காரேண்டா" என்றாள் அக்கா.

"நான் நின்னுக்கிறேன்க்கா, எனக்கென்ன."

இன்னொரு பத்தடி. ஜன்னல் தீப்பெட்டி அளவுக்கு ஆகிவிட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னால் கட்டடத்தையே நகர்த்துவார்களா?

நாலரைக்கு இரண்டு பேர் மேலே வந்தார்கள். ஒருவரிடம் டேப். ஒருவரிடம் வெள்ளைப் பெயிண்ட். அக்காவின் கையைத் தோளிலிருந்து விரல் வரை அளந்தார்கள்.

"எந்த ஊரு எழுதப் போறீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"நிலக்கோட்டை."

"வத்தலக்குண்டுன்னு எழுதக் கூடாதா? அங்க எங்க சின்ன மாமியா இருக்காங்க."

"கை அவ்வளவு நீளம் இல்லம்மா."

"வெயில் அடிக்குமே."

"தலைக்கு மேல தகரம் போட்டுடுவோம்."

சரி என்று அக்கா தலையை ஆட்டினாள். பெயிண்ட்காரர் பிரஷ்ஷை நனைத்து அவள் கையில் எழுத ஆரம்பித்தார். அவள் ஆடாமல் நின்றாள். பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. பர்ஸை எடுத்தேன். அதில் இருபதாயிரம் ரூபாய் இருந்தது. எனக்கு ஒரு கஷ்டம் வந்தால் நான் யாருக்காவது எதையாவது கொடுத்துவிடுவேன். வேறு வைத்தியம் தெரியாது.

"அக்கா, இத வச்சுக்க."

"எனக்கு எதுக்குடா? வேணாம்."

"வச்சுக்கக்கா."

"வேணாங்கிறேன்ல."

என் மணிக்கட்டில் ஏதோ நறுக்கென்றது. முழங்கை இறுகியது. கையை மடக்கப் பார்த்தேன். பாதிதான் மடங்கியது.

"சீக்கிரம் உள்ள வைங்க சார்" என்றார் காக்கிச் சேலை அம்மா. "ஒரே வீட்டுல ரெண்டு பலகை எதுக்கு?"

இடது கையால் வலது கையைப் பிடித்து மடக்கிப் பணத்தைப் பர்ஸுக்குள் தள்ளினேன். தோள்பட்டை விண்ணென்று வலித்தது. ஆசையாகக் கொடுக்கப் போன பணத்தை வேணாம் என்றால் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சந்தியில் நிற்கவைத்து அறைந்தமாதிரி இருந்தது. அக்கா இதைப் பதினாறு வருடம் வைத்திருக்கிறாள்.

"டீ இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு."

"குடுங்க."

ஜன்னல் பத்தடி முன்னால் வந்தது.

"சக்கரை தூக்கலா போடவா?"

"போடுங்க."

"பிஸ்கட்?"

எனக்கு வியர்த்தது. "குடுங்க" என்றேன். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பேப்பரில் பாதியைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். எதிர் பெஞ்சுப் பெண்மணி நீட்டாத கையால் விசிறிவிட்டார். விசிறட்டும் என்று விட்டுவிட்டேன். அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மூன்று டீயும் ஐந்து பிஸ்கட்டும் முடிந்தபோது ஜன்னல் என் முழங்காலில் வந்து இடித்தது. மணி நாலு ஐம்பது.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பெயர் சவரிமுத்து. சட்டையில் குத்தியிருந்தது. படிவத்தை எடுத்தார்.

"தவமணிங்கிறது நீங்கதானே? அன்னிக்குப் பஸ்ல ஏறும்போது கையில எவ்வளவு இருந்துச்சு?"

"போதுமான அளவு இருந்துச்சு."

பேனா எழுதவில்லை. அவர் அதை உதறினார்.

"எவ்வளவு?"

"டிக்கெட் போக பதினோரு ரூபா."

எழுதியது. அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"வழியில சாப்பிட்டீங்களா?"

"பசிக்கல."

கடிகாரம் ஒரே தாவாக நாலு ஐம்பத்தைந்துக்குப் போனது. சவரிமுத்து அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"விழுப்புரத்துல பஸ் நின்னுச்சு" என்றேன். "மத்தியானம். எல்லாரும் எறங்கிச் சாப்பிடப் போனாங்க. எலைச் சாப்பாடு. நான் தூங்குற மாதிரி கண்ண மூடிக்கிட்டேன். சாம்பார் வாசனை ஜன்னல் வழியா வந்துச்சு."

"சொல்லவே இல்லையேடா" என்றாள் அக்கா.

"பணத்த ஏன் வாங்கல?" என்றார் சவரிமுத்து.

"அக்கா மில்லுல டபுள் ஷிப்டு பாத்துச் சேத்தது சார். அதப் போயி எப்படி..."

பேனா நின்றுவிட்டது. "அது ஊருக்குச் சொல்றது" என்றார். "படிவத்துக்குச் சொல்லுங்க."

பெயிண்ட்காரர் 'நிலக்' வரை எழுதி முடித்திருந்தார்.

"வேணும்னு இருந்துச்சு சார். ரொம்ப வேணும்னு இருந்துச்சு. அது எம் மூஞ்சில தெரிஞ்சிருச்சோன்னு வெக்கமா போச்சு. வாங்கினா நான் இல்லாதப்பட்டவன்னு ஆயிரும். அதான் வேணாம்னேன்."

சவரிமுத்து 'வெட்கம்' என்று எழுதினார். அதற்குத் தனியாகக் கட்டம் இருந்தது. முத்திரை குத்தினார். "எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவங்ககிட்ட சொல்லுங்க. ஒரு நிமிஷம் இருக்கு."

நான் எழுந்து அக்காவுக்கு எதிரில் நின்றேன். நோட்டு இரண்டும் துணி மாதிரி மெத்தென்று ஆகியிருந்தன.

"அக்கா."

"என்னடா?"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பெயிண்ட்காரர் மறுபடி பிரஷ்ஷை நனைத்தார். அக்கா அன்றைக்கு ஜன்னல் வழியாகச் சொன்ன அதே குரலில், "வச்சுக்கடா" என்றாள்.

"வேணும்க்கா" என்றேன். "பசிக்குது."

நோட்டு என் கைக்கு வந்துவிட்டது. அக்காவின் கை மெதுவாக, துருப்பிடித்த கேட் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு இறங்கியது.

பெயிண்ட்காரர் டப்பாவை மூடினார். "அப்ப நிலக்கோட்டைக்கு யாரைப் போடுறது?" என்று டேப்காரரிடம் கேட்டார். இருவரும் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அக்கா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைக் கொண்டுபோய் இடது முழங்கையைச் சொறிந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் சொறிந்தாள். "அம்மாடி" என்றாள். சவரிமுத்து மரியாதைக்காக எழுந்து நின்றார். நான் அழுதேன். காக்கிச் சேலை அம்மா துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

"இப்படியே உள்ள வாங்க" என்று சவரிமுத்து ஜன்னலுக்குப் பக்கத்திலிருந்த கதவைத் திறந்தார்.

உள்ளே விழுப்புரம் இருந்தது. மத்தியானம். பஸ் நின்றுகொண்டிருந்தது. எல்லாரும் இறங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இருபது நிமிஷம்தான்" என்று கண்டக்டர் விசிலை ஆட்டிக் காட்டினார். அக்கா கொடுத்த நோட்டில் ஒன்றை நீட்டி இரண்டு சாப்பாட்டு டோக்கன் வாங்கினேன். சில்லறை கொடுத்தார்கள். எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

அக்கா சுற்றி இருந்த ஆட்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்து, வலது கையால் சோற்றைப் பிசைந்தாள். முழங்கை வரைக்கும் 'நிலக்' என்று வெள்ளையாக இருந்தது. பெரிய பெரிய கவளமாகச் சாப்பிட்டாள்.

நானும் சாப்பிட்டேன். இலை காலியானது. பரிமாறுகிறவர் சோற்று வாளியோடு எனக்கு எதிரில் வந்து நின்றார். "இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

என் இரண்டு கையும் இலையை மூடக் கிளம்பின. அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வெளியே பஸ் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"வைங்க" என்றேன்.