அழுகாத ஏரி

அந்த ஏரியில் பதினோரு வருடம் எதுவும் அழுகவில்லை. முதல் வருடம் உதிர்ந்த இலையும் பதினோராம் வருடம் உதிர்ந்த இலையும் அடியில் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மஞ்சளாகக் கிடந்தன. படகில் போன யாரோ பாதி கடித்து எறிந்த ஆப்பிளில் பல் தடம் வெள்ளை மாறாமல் இருந்தது. முன்பல்லில் சந்து இருந்ததால் அது தபால்காரர் வேலை என்று ஊருக்கே தெரியும். செத்த மீன்கள் நேற்றுப் படுத்தவை போலப் படுத்திருந்தன. தண்ணீர் அவ்வளவு தெளிவு. படகிலிருந்து குனிந்தால் தண்ணீர் இருப்பதே தெரியாது. கீழே ஒரு தெரு தூங்குவது போலவும், நாம் அதன் மேல் காற்றில் நிற்பது போலவும் இருக்கும். தண்ணீர் ஆபீஸ்காரர் மாதாமாதம் பாட்டிலில் மொண்டு போய்ச் சோதித்து, கிருமி பூஜ்யம் என்று எழுதினார். அந்தப் பரீட்சையில் பூஜ்யம்தான் முதல் மார்க். மேலிடத்திலிருந்து பாராட்டுத் தாள் வந்தது. தாள் எழுதுகிறவர்கள் ஏரிக்கரைக்கு வருவதில்லை.

எல்லாம் ஒரு துணி வியாபாரியால் வந்தது. வெள்ளித் தூள் ஏற்றிய துணி, எத்தனை நாள் போட்டாலும் நாறாது என்று விற்றான். ஒரு தலைமயிரை நீளவாக்கில் ஆயிரமாகப் பிளந்தால் ஒரு பிளவு எவ்வளவோ அவ்வளவு சின்னத் தூள். நாற்றம் உண்டாக்கும் கிருமியை அது கொன்றுவிடும் என்றான். வியாபாரி சொன்னது உண்மையாகிப் போனதுதான் வினை. காலுறை, பனியன், தலையணை உறை, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு வரைக்கும் ஊர் முழுக்க வெள்ளித் துணி ஆயிற்று. ஒரு நாள் போட்டார்கள், மறுநாள் லாண்டிரியில் கொடுத்தார்கள். ஒவ்வொரு துவைப்புக்கும் கொஞ்சம் தூள் துணியை விட்டுக் கழன்று, தொட்டித் தண்ணீரோடு வாய்க்காலில் இறங்கி, ஏரிக்குப் போனது. போன இடத்தில் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைப் பார்த்தது.

ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்தவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர் வலைக்காரர், லாண்டிரிக்காரம்மாவின் புருஷன். படித்துறையில் தினம் ஒருமுறை வழுக்கி விழுகிற தான் ஒரு வாரமாக விழாததைக் கண்டு முதலில் சந்தேகப்பட்டவர் அவர்தான். கல்லில் பாசி இல்லை. பாசியை நக்கும் நத்தை அடுத்துப் போனது, துள்ளுகிற பொடிப் பூச்சி போனது, பூச்சி தின்னும் சின்ன மீன் போனது. பெரிய மீன்கள் நாணல் வேரில் முட்டை இட்டன. முட்டை கெடவும் இல்லை, பொரிக்கவும் இல்லை. கண்ணாடி மணி போல வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டு, உள்ளே இரண்டு கருப்புப் புள்ளிக் கண்கள் வெளியே பார்த்தபடி இருந்தன. கடைசியில் நாற்பத்தொரு பெரிய மீன்கள் நின்றன. அவை சாகவில்லை, கொழுக்கவும் இல்லை. வலையை விரித்தால் டாக்டர் வீட்டு வாசலில் நிற்பது போல வரிசையாக வந்து நிற்கும். வலைக்காரர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து விட்டுவிடுவார்.

“என்ன மச்சான், நீங்க மீன வளக்கறீங்களா, மீன் உங்கள வளக்குதா?” என்று மனைவியின் தம்பி கேட்டான்.

“ரெண்டு பேரையும் உங்கக்கா வளக்கறா,” என்றார்.

அந்தச் சோறுதான் தொண்டையில் நின்றது. ஒன்பதாம் வருடம் ஒரு காலை, பாசி இல்லாத கற்களாகப் பார்த்து வாய்க்காலோடு மேலே நடந்தார். ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டி, பள்ளிக்கூடப் பின்பக்கம் திரும்பி, வெறுங்கல் அவரைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் அவருடைய சமையலறைக்குப் பின்னால், அவருடைய மனைவியின் தொட்டி. அவள் முழங்கை வரை நுரையில் நின்றாள். வந்த வழியே திரும்பிவிட்டார். துவைப்பதை நிறுத்தச் சொன்னால் அடுப்பு எரியாது; சொல்லாவிட்டால் அந்தக் கருப்புக் கண்கள் முட்டைக்குள்ளேயே இருந்துவிடும். ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை.

“ஏங்க, ஒரு வருஷமா என் மூஞ்சியப் பாத்து சாப்பிட மாட்டேங்கறீங்க. யாரு அவ?”

“எவளும் இல்ல. உன் தொட்டித் தண்ணிதான்.”

அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. கூடையிலிருந்து ஒரு காலுறையை எடுத்து மோந்து பார்த்தாள். அடுத்ததை மோந்தாள். கூடை காலியாகும் வரை மோந்தாள்.

“நாறாதுன்னு சொல்லித்தானே வித்தான்?”

“ஆமா.”

“நாறலதான். அப்புறம் எந்த எழவுக்கு இத நான் தொவைக்கறேன்?”

பத்து வருடத்தில் அந்த ஊரில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து மூக்குதான் லாண்டிரிக்குத் தராசு. நாறுகிற துணி உள்ளே, நாறாதது திரும்பக் கைக்கே. தண்ணீர் ஆபீஸ்காரர் காலுறை கொண்டுவந்தார்.

“ரெண்டு நாள் போட்டதும்மா.”

“இன்னும் ரெண்டு வருஷம் போடுங்க சார்.”

ஆஸ்பத்திரி கோபித்துக்கொண்டு தன் விரிப்புகளை வேறு ஊருக்கு அனுப்பியது. அந்த ஊர் ஏரி என்ன ஆயிற்று என்று யாரும் விசாரிக்கவில்லை. நாலு இஸ்திரிப் பெட்டியில் மூன்று ஆறிக் கிடந்தன. புருஷனும் மனைவியும் ஒருவேளைச் சோற்றில் அந்த வருடத்தைத் தள்ளினார்கள். ஆனால் துவைக்காத துணி நாறாவிட்டாலும் உடம்பு நம்பாது. ஊரே சும்மா சும்மா சொறிந்துகொண்டது. ஒருவர் பார்த்து ஒருவர் பழைய பருத்திக்குத் திரும்பினார்கள். வியர்வை வாடையோடு முதல் கூடை வந்தபோது லாண்டிரிக்காரம்மா அதை மோந்துவிட்டு, “இதுதான்யா துணி,” என்றாள்.

பிறகு காற்றே இல்லாத ஒரு மத்தியானம் நாற்றம் எழுந்தது. பதினோரு வருடத்துப் பாக்கி மொத்தமும் ஒரே சமயத்தில் அழுக ஆரம்பித்தது. ஏரி கறுத்துக் குமிழி விட்டது. ஊர் ஜன்னல்கள் எல்லாம் சாத்திக்கொண்டன. குடிக்க லாயக்கில்லை என்று ஆபீஸ்காரர் பலகை நட்டார். வலைக்காரர் மனைவியைப் படகில் ஏற்றி நடு ஏரிக்குக் கொண்டுபோனார். அவள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, “நல்லாவே நாறுதுங்க,” என்றாள். அதற்கு மேல் சந்தோஷமான வார்த்தையை அவர் அவள் வாயில் கேட்டதில்லை. நாற்பத்தொரு மீன்களும் நாளுக்கு மூன்று நாலாக, அவசரமில்லாமல் செத்தன. அவர் எதையும் வெளியே எடுக்கவில்லை. மூன்றாம் மாதம் படித்துறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, சிரித்தபடி வீடு வந்தார். கட்டு அவிழ்த்த வாரம் ஒரு விடியலில், பதினோரு வருடத்து முட்டைகளும் சேர்ந்து பொரித்தன. மணலைச் சல்லடையில் கொட்டுவது போல ஒரு சத்தம் கடைத்தெரு வரை கேட்டது.

வெள்ளி எங்கும் போய்விடவில்லை. அது போகிற சாதி இல்லை. சேற்றில் படிந்து, சேற்றிலிருந்து பாசிக்கும் பாசியிலிருந்து நத்தைக்கும் ஏறி, மீனில் வந்து நின்றது. இப்போது அந்த ஏரி மீனுக்கு எலும்பு வெளிச்சம் விடுகிறது. வயிற்றுக்கு நல்லதா கெட்டதா என்று சோதனை நடப்பதாக ஆபீஸ்காரர் சொல்கிறார். அவர் சொல்லி முடிக்கட்டும். நாங்கள் மத்தியானம் ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடுகிறோம். தட்டில் ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாகத் தெரியும். இந்த ஊரில் யாருக்கும் தொண்டையில் முள் மாட்டுவதில்லை.