மணையில் ஏறிய ஆமை

என் நாத்தனார் மலர்கொடிக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. மூன்றாவதாக ஆண்டிமடத்திலிருந்து வந்த இடமும் போனால் அடுத்த வருஷம் ஊர் வாய்க்கு நாங்கள்தான் வெற்றிலை பாக்கு. அந்தக் கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கோ ஆமைக் கவலை.

யுத்த காலத்தில் ஒரு வருஷம் அடைமழை பெய்து, சுற்று வட்டாரத்தில் வயல் கிணற்றுக்குக் கிணறு ஆமை வந்துவிட்டது. அடுத்து வந்த கோடையில் எங்கள் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும்போது, தண்ணீர்ச் சாலோடு ஒன்று மேலே வந்தது. ஆமை வாசல்படி தாண்டினால் குடும்பம் கெட்டது என்று எங்கள் பக்கம் அத்தனை பேரும் நம்புவார்கள். மலர்கொடியோ அதை வளர்த்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். என் வீட்டுக்காரர் தங்கைக்குச் செல்லம் கொடுத்தே கெட்டவர். மாட்டுக் கொட்டகை வீட்டோடு சேர்த்தி இல்லை என்று தீர்ப்புச் சொல்லி, கொட்டகைக்குப் பின்னால் இருந்த கல்தொட்டியில் அதை விடச் சொல்லிவிட்டார்.

நாலு நாளில் ஆமை இரை எடுப்பதை நிறுத்தியது. ஓட்டில் பாசி பிடித்தது. கிணற்றில் இருந்தபோது படிக்கல்லில் ஏறி வெயில் காயும், இங்கே ஏற இடமில்லை, அதனால்தான் வாடுகிறது என்று மலர்கொடி கண்டுபிடித்தாள். முதலில் பச்சைச் செங்கல்லை அடுக்கினாள். அது கரைந்து தொட்டியே சேறாகிவிட்டது. அடுத்து வாழைமரத் துண்டை மிதக்கவிட்டாள். ஆமை ஏறும், துண்டு உருளும், ஆமை மல்லாந்து விழும். காலையிலிருந்து மத்தியானம் வரை இதே கூத்து. பிறகு என் முறத்தைக் கேட்காமல் எடுத்துப் போய் மூழ்கடித்தாள். அன்று நான் வைத வசவில் அவள் இனி எதையும் தொடமாட்டாள் என்று நம்பினேன். என் புத்தியைச் சொல்லவேண்டும்.

பெண் பார்க்க முதலில் அப்பாவும் பிள்ளையும் மட்டும் வருவதாக ஏற்பாடு. பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓட்டிய பஸ் வழியில் நின்று, இறங்கித் தள்ளி, முகமெல்லாம் கரியோடு வந்து சேர்ந்தார்கள். பெரியவர் பெயர் அங்கமுத்து. பிள்ளை செல்லதுரை. கால் கழுவத் தண்ணீர் கொடுத்துவிட்டு உட்கார மணை எடுக்கப் போனால், இருந்த இரண்டில் ஒன்றைக் காணோம். வந்தவர்களில் ஒருவரை மணையிலும் ஒருவரைத் தரையிலும் உட்கார வைத்தால் அதைவிட மரியாதைக் கேடு வேறு வேண்டுமா?

கொட்டகைக்கு ஓடினேன். நான் சீராகக் கொண்டு வந்த பலாமர மணை தொட்டியில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. நாலு மூலையிலும் துளை போட்டுக் கயிறு கட்டி, ஓரத்தில் கோணித் துண்டு அடித்திருந்தாள். அதன்மேல் ஆமை கழுத்தை நீட்டி, காலை நாலு பக்கமும் பரப்பிக்கொண்டு வெயில் காய்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கயிற்றை அறுத்து, கோணியைப் பிய்த்து, ஆமையைத் தூக்கி வைக்கோலில் எறிந்தேன். மணையை முந்தானையால் துடைத்துக் கொண்டுபோய்ப் பெரியவருக்குப் போட்டேன்.

பத்து நாள் தண்ணீர் குடித்த மரம் துடைத்தால் காயுமா? பெரியவர் இப்படி நெளிந்தார், அப்படி நெளிந்தார். மலர்கொடி காப்பித் தட்டோடு வந்து நின்றபோது, பின்வாசல் வழியாக ஆமை கூடத்துக்குள் நடந்து வந்தது.

பெரியவர் துள்ளி எழுந்தார். வேட்டியின் பின்பக்கம் வட்டமாக ஈரம். ஆமை யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் அவர் விட்ட மணையில் ஏறிக் காலைப் பரப்பியது. யார் வளர்க்கிற ஆமை என்று அவர் கேட்டார். என் வீட்டுக்காரர் உத்தரத்தைப் பார்த்தார்.

"நான்தாங்க வளக்குறேன்" என்றாள் மலர்கொடி. "அது உக்கார்ற மணையில நீங்க உக்காந்துட்டீங்க. அதான் வந்துருக்கு."

போச்சு, இதுவும் போச்சு என்று நான் சுவரில் சாய்ந்தேன். அதுவரை வாயைத் திறக்காத பிள்ளை அப்போதுதான் நிமிர்ந்தான்.

"மணை வழுக்கலையா? என்னுது எதை வச்சாலும் ஏற மாட்டேங்குது."

"ஒரு ஓரம் நாலு விரக்கடை தண்ணிக்குள்ள முங்கணுங்க. கோணி அடிச்சாத்தான் நகம் புடிக்கும்."

"என்னுதா?" என்றார் பெரியவர் மகனைப் பார்த்து. "நம்ம வூட்டுலயா?"

போன ஐப்பசியிலிருந்து தொட்டியில் இருப்பதாகவும், வைக்கோலைப் போட்டு மறைத்திருப்பதாகவும் பிள்ளை தரையைப் பார்த்துச் சொன்னான். பெரியவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஐப்பசிக்குப் பிறகுதான் பங்காளி வழக்கு ஜெயித்தது. இரண்டு பசுவும் கிடாரிக் கன்று ஈன்றன. முந்திரி அந்த வருஷம் போல் என்றும் காய்த்ததில்லை. கெட்டது என்று ஒன்றைச் சொல்ல அவரும் எவ்வளவோ யோசித்தார். பல்வலி ஒன்றுதான் அகப்பட்டது.

மணையில் ஆமை இருந்ததால் அவர் தரையிலேயே உட்கார்ந்தார்.

"தாம்பாளத்தைக் கொண்டாம்மா, தட்டு மாத்திக்கலாம்" என்று என்னிடம் சொன்னார்.

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெற்றிலை எடுக்க உள்ளே ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால், கல்யாணம் நிச்சயமானதுகூடத் தெரியாமல், கோணி நல்லதா தென்னை நார் நல்லதா என்று பெண்ணும் மாப்பிள்ளையும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.