ஏற்கெனவே வாங்கிவிட்டேன்

எம்.ரெட்டியபட்டியில் பூமிநாதனைப் போல ஒரு முன்யோசனைக்காரரைப் பார்க்க முடியாது. மாமனார் பால்ச்சாமியை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, டாக்டர் ‘சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க’ என்றதுமே, மனிதர் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் ப்ரீசர் பாக்ஸ் தேட ஆரம்பித்துவிட்டார். திருப்பூரிலிருந்து மைத்துனன்மார் வந்து சேரும்வரை உடம்பு தாங்க வேண்டாமா? பந்தல், நாற்காலி, சொர்க்க ரதம் என்று வரிசையாகத் தட்டிப் பார்த்தார். உள்ளே அழுதுகொண்டிருந்த மனைவி மாரீஸ்வரிக்கு இது எதுவும் தெரியாது.

ஐந்தாம் நாள் மாமனார் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார்.

உடம்பு தேறும்வரை இருக்கட்டும் என்று மகள் வீட்டுக்கே அழைத்து வந்தார்கள். படுத்தே கிடந்தால் அவருக்குப் பொழுது போகுமா? மத்தியானமானால் மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்க மாப்பிள்ளையின் போன் வேண்டும். பூமிநாதனுக்கோ அதைக் கொடுக்கப் பயம். அந்த நாசமாய்ப் போன போன், அவர் தேடியதை மறக்கவே இல்லை. பருத்தி விலை பார்த்தாலும், மழை வருமா என்று பார்த்தாலும் குறுக்கே வந்து நின்றது: ‘கடைசி நேரத்தில் அலையாதீர்கள்! அரை மணி நேரத்தில் ப்ரீசர் பாக்ஸ் உங்கள் வாசலில்!’ இது மாமனார் கண்ணில் பட்டால், அப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவர் முன்னால் நடமாடுவது?

விளம்பரத்தின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினார். ஏன் வேண்டாம் என்று போன் மரியாதையாகக் கேட்டது. ஆபாசமாக இருக்கிறதா? அடிக்கடி வருகிறதா? ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? வாங்கியாயிற்று என்றால் பேச்சே முடிந்தது என்று கணக்குப் போட்டு, கடைசியைத் தொட்டார். ப்ரீசர் பாக்ஸ் அன்றோடு ஒழிந்தது. மறுநாள் நிம்மதியாகப் போனை மாமனாரிடம் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

திரும்பி வந்தபோது பந்தயச் சத்தம் நின்றிருந்தது. பால்ச்சாமி போனை எட்டத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

“பதினாறாம் நாள்... காரியத்துக்கு... அறுசுவைச் சாப்பாடு. ஆர்டர் கொடுத்தால்... கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ்... இலவசம்.”

பூமிநாதன் அவசரமாகக் கிட்டே வந்தார். “அது எல்லாருக்கும் வாரதுதான் மாமா. கண்டதையும் காட்டும்.”

“மாரீசு போன்ல சேலையும் வளையலுமால்ல வருது? அவ எதத் தேடுறாளோ அதான் வருமாம். இப்பத்தான் கேட்டேன்.”

பூமிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கிழவர் ரெண்டு வசவு வைதிருந்தால்கூடத் தேவலை. அவர் வையவில்லை.

“நான் பொழச்சத இதுக்கு யாரும் சொல்லலையா மாப்ள?”

“சொல்லிருக்கணும் மாமா.”

“இது மிஷினு, கெடக்கட்டும்.” பால்ச்சாமி போனை அவர் கையில் வைத்தார். “நான் வந்து ஒம்பது நாளாச்சு. பொழச்சு வந்துட்டீகளே மாமான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லலையே.”