வழக்கின் நடுவே ஒரு காடு

திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருந்த ரத்தினம்மாள் மாதத்துக்கு ஒரு படம் பார்ப்பாள்; அதைப் பற்றி மாதம் முழுக்கப் பேசுவாள். டெண்டுக் கொட்டகையில் படம் மாறினால் குமாஸ்தாக்கள் சுவரொட்டியை நம்புவதில்லை. "பாட்டு பத்தொம்போது, கதை ஒரு கைப்பிடி" என்று அவள் சொல்லிவிட்டால் அந்தப் படம் பெட்டி கட்ட வேண்டியதுதான். கொட்டகை மானேஜர் அப்துல் கரீம் அவளைக் கண்டால் தானாகவே எழுந்து நிற்பார்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் ஒரு தமிழ்ப் படம் வந்தது. தம்பி செய்த கொலைக்காகக் கூண்டில் ஏறி நிற்கும் பெண்ணின் கதை. ரத்தினம்மாள் பக்கத்து வீட்டு அம்சாவோடு போய்ப் பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்தாள். சர்க்கார் வக்கீல் அந்தப் பெண்ணை நோக்கி விரலை நீட்டினார். அத்தோடு அந்த ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. ஆபரேட்டர் ஹனீஃபா அடுத்த ரீலை மாட்டினான். விளக்கணைந்ததும் திரையில் அடர்ந்த காடு. மரத்தடியில் இருந்த முனிவர் ஒருவர் கண் சிவக்க எழுந்து தெலுங்கில் சாபம் கொடுக்கத் தொடங்கினார்.

அம்சா ரத்தினம்மாளின் விலாவில் இடித்தாள். "இன்னாக்கா இது? கோர்ட்டு எங்க போச்சு?"

"கனா கண்டுகினு இருக்கிறாடி. கூண்டுல நின்ன அலுப்பு."

"கனாவுல தெலுங்கு பேசறாங்களே?"

"அவ தாய்வீடு புத்தூர் பக்கமா இருக்கும், அங்க தெலுங்குதானே. பேசாம பாரு."

இந்த விளக்கம் வாய்வழியே பெண்கள் பக்கம் முழுக்கப் பரவி, தடுப்புத் துணியைத் தாண்டி ஆண்கள் பக்கமும் போய்ச் சேர்ந்தது. மறுபடி கோர்ட்டு வந்தபோது வக்கீல் தலைகுனிந்து நிற்க, ஜட்ஜ் அந்தப் பெண்ணை விடுதலை செய்துகொண்டிருந்தார்.

"பார்த்தியா, சாபம் வக்கீலைப் புடிச்சுகினுது" என்றாள் ரத்தினம்மாள்.

மறுநாள் கடையில் அவளுக்கு ஓயாத பேச்சு. "வக்கீல் கோட்டு தொளதொளன்னு இருக்குது. அந்தப் பொண்ணு ஜெயில்லயும் பவுடர் பூசிகினு நிக்கிறா. அதெல்லாம் குறைதான். ஆனா அந்தக் கனாவுக்காகவே ரெண்டு தடவை பார்க்கலாம்."

அன்று மாலை கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. சொன்ன வாய்க்காக அவளும் அம்சாவோடு மறுபடி வந்திருந்தாள். வக்கீல் விரலை நீட்டினார், விளக்கு எரிந்து அணைந்தது, திரும்பவும் அதே கோர்ட்டு. குறுக்கு விசாரணை நீண்டுகொண்டே போனது.

"காடு எங்கப்பா?" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பிறகு கொட்டகையே கேட்டது. படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு ரத்தினம்மாள் எழுந்து வெளியே போனாள்.

அப்துல் கரீம் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். "உங்ககிட்ட மறைக்கக் கூடாது ரத்தினம்மா. அது கனா இல்லீங்க. புத்தூருக்குப் போற தெலுங்குப் படத்து ரீலு. ரெண்டு பெட்டியும் ஒரே ரயில்ல வந்து இங்கயே இறங்கிடுச்சு, ஹனீஃபா டப்பாவை மாத்தி எடுத்துட்டான்."

ரத்தினம்மாள் காலையிலிருந்து முப்பது பேருக்காவது அந்தப் பெண்ணின் தாய்வீட்டைப் பற்றிச் சொல்லியிருந்தாள். காது இரண்டும் சூடேறின.

"அதையே இன்னொரு தபா போட்டுடுங்களேன்."

"காலை வண்டியில அனுப்பிட்டேனே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

ரத்தினம்மாள் உள்ளே வந்து திரைக்கு முன்னால் நின்றாள். "அந்தக் காடு வேற படத்துது. தப்பாப் போட்டுட்டாங்க. எனக்கும் தெரியல" என்றாள்.

ஆபீஸ் குமாஸ்தா வேதாசலம் எழுந்தார். "அப்ப முனிவரு குடுத்த சாபம் இன்னாச்சுக்கா?"

"புத்தூருக்குப் போயிட்டுதுங்க."

கொட்டகை சிரித்து அடங்கியது. மிச்சப் படத்தை எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கடையைச் சாத்திவிட்டு அம்சாவோடு புத்தூருக்கு ரயிலேறினாள். திங்களன்று வேதாசலம் அந்தத் தெலுங்குப் படம் எப்படி என்று கேட்டார்.

"முனிவரு நல்லாத்தான் சாபம் குடுக்கறாரு" என்றாள் ரத்தினம்மாள், சட்னியை ஊற்றியபடி. "ஆனா அதைக் கேட்டு வாயடைச்சு நிக்கிறதுக்கு அதுல ஒரு வக்கீலு இல்லீங்களே."

வேதாசலம் யோசித்துவிட்டு இன்னும் இரண்டு இட்லி வைக்கச் சொன்னார்.