மூக்கு ஒரு பக்கம், போக்கு ஒரு பக்கம்

பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கும் சின்ன விமானத்தை ஓட்டுகிறவனுக்குப் பெண் கொடுப்பதா என்று அருப்புக்கோட்டைப் பருத்திக் கமிஷன் கடை ராமசுப்பு யோசித்ததில் தப்பே இல்லை. நானே எனக்குப் பெண் கொடுத்திருக்க மாட்டேன்.

அது அறுபத்தொன்பதாம் வருஷம், ஆனிக் கடைசி. அவர் மகள் முருகேஸ்வரிக்கு என்னைப் பிடித்துப்போயிருந்தது. எப்படியென்று இன்றுவரை விளங்கவில்லை. ராமசுப்பு மட்டும் என் தாய்மாமன் தவசியிடம் ஒரு நிபந்தனை போட்டார்.

“ஏறுறத எவனும் ஏறிருவான். எறங்குறத என் கண்ணால பாக்கணும். நல்லபடியா எறங்கிட்டா பொண்ணத் தாரேன்.”

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் வறண்டு கிடந்த கண்மாய்தான் எனக்கு ஓடுதளம். அது தெற்கு வடக்காக நீளம். ஆனிக் காற்றோ மேற்கேயிருந்து, ஓய்ந்துவிட்டது என்று நம்பவைத்து அடிக்கும்.

மருந்தடித்து முடித்துத் திரும்பினேன். மேற்குக் கரையில் ராமசுப்புவின் கார் நின்றது. தள்ளி அவர் நின்றார். “இங்கன நில்லுங்க அண்ணாச்சி, எமன் வந்தாலும் இந்தப் பக்கம் வரமாட்டான்” என்று மாமாதான் இடம் பார்த்து நிறுத்தினாராம்.

பக்கக் காற்றில் இறங்குவதற்கு ஒரு வழி உண்டு. விமானத்தின் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பிக்கொண்டு, நண்டு மாதிரி ஒருக்களித்தே வரவேண்டும். தரையைத் தொடப்போகும்போதுதான் மூக்கை நேராக்குவது. ஆகவே என் மூக்கு மேற்கே பார்த்தது. மேற்கே ராமசுப்பு.

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு ஓடினார். சும்மா நின்றிருந்தால் மூக்கு அவரைக் கடந்து போயிருக்கும். அவரோ கரையோரமாக வடக்கே ஓடினார். நானும் வடக்கேதான் போய்க்கொண்டிருந்தேன். மூக்கு அவரைத் தாண்டப்போகும் நேரம் பார்த்துக் காற்று வலுத்தது. இன்னும் திருப்பினேன். மறுபடி அவர்!

கையை ஆட்டிச் சமாதானம் சொல்லலாமென்றால் இரண்டு கைக்கும் வேலை இருந்தது.

தரை நெருங்கியது. காலடியில் இருந்த மிதிகட்டையை மிதித்து மூக்கை நேராக்கி, மேற்கு இறக்கையைத் தாழ்த்தினேன். ஒரு சக்கரம் தொட்டது, துள்ளியது. பிறகு மற்றதும் தொட்டது.

புழுதி அடங்கியபோது ராமசுப்பு ஒரு கருவேலம் புதருக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்.

“பாத்தீகளா அண்ணாச்சி, பூ மாதிரி எறங்கிட்டான்!” என்றார் மாமா.

“பொண்ணு கெடையாது” என்றார் ராமசுப்பு. “மூஞ்சி என்னையப் பாக்குது, ஒடம்பு வடக்க போகுது. பாக்குறது ஒரு பக்கம், போறது ஒரு பக்கம்னு இருக்கிறவன நம்பி எப்பிடிங்க குடுக்க?”

காற்றைப் பற்றி விளக்கினால் அடிப்பார் போலிருந்தது.

காரிலிருந்து முருகேஸ்வரி இறங்கினாள். சிரிப்பை முந்தானையால் பொத்தியிருந்தாள்.

“ஏம்ப்பா, துண்டுக்குள்ள வெரலப் பிடிச்சு நீங்க பருத்திக்கு வெல பேசுறப்ப எதுத்தாளு மூஞ்சியவா பாக்கீக? பஸ் ஸ்டாண்டையில்ல பாக்கீக! ஒரு நாளாச்சும் பேரம் தப்பியிருக்கா?”

மாமா இருமினார். ராமசுப்பு வேட்டியில் தைத்திருந்த முள்ளைப் பிடுங்குவதை நிறுத்தினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் வலக்கை மேல் போட்டு, தன் கையையும் உள்ளே விட்டார். முகம் மட்டும் கண்மாய் மடையைப் பார்த்தது. உள்ளே, அகப்பட்ட விரல்களையெல்லாம் சேர்த்து ஒரு நெரி நெரித்தார்.

“ஆவணியில வச்சிருவமா?” என்று மடையிடம் கேட்டார்.

உயிர் போகிற வலி. நானும் மடையையே பார்த்துக்கொண்டு, “சரி மாமா” என்றேன்.