மேட்சிங் நூல் வரவில்லை

கிழிந்த ஓரத்தைத் தைத்துக்கொள்ள, திங்கட்கிழமை காலை ஒரு கடல்நத்தை என் கடைக்கு வந்தது. ஓடில்லாத இனம். ஒன்றரை அடி நீளம், நல்ல குங்குமச் சிவப்பு, விளிம்பில் வெள்ளைக் கரை. எங்கள் கடற்கரைத் தெருவில் தையற்கடை இது ஒன்றுதான் என்பதால் எல்லோரும் என்னிடம்தான் வரவேண்டும்.

“நங்கூரக் கயித்துல மாட்டிக் கிழிஞ்சிட்டு, செலினக்கா,” என்றது. “இப்படிக் கெடந்தா நீந்த முடியாது. ஞாயித்துக்கெழமைக்குள்ள பவளப்பாறைக்குப் போவணும். அங்க ஒரு ஆள் காத்துக்கெடக்கு. முட்டையிடணும்.”

அதற்கு ஆயுசே ஒரு வருஷம். பதினொரு மாதம் முடிந்திருந்தது.

ஆணும் அதுவே, பெண்ணும் அதுவே என்பதால் அளவு நோட்டில் சட்டைப் பக்கத்தில் பாதியும் ரவிக்கைப் பக்கத்தில் பாதியும் எழுதினேன். முதுகில் ஆறு செவுள்கள் விரிந்திருந்தன. அவற்றின் நடுவே ஓர் இறால் தம்பதி குடியிருந்தது. டேப் அவர்கள்மேல் படாமல் பார்த்துக்கொண்டேன்.

“நாளைக்கு வாங்கிக்க,” என்றேன்.

தையற்காரி சொல்லும் ‘நாளைக்கு’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். என்னிடம் கொடுத்த கிறிஸ்துமஸ் சட்டையை ஈஸ்டருக்குப் போட்டவர்கள் உண்டு. கடலில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. தொட்டியில் கடல்நீர் ஊற்றிக் கொடுத்தேன், அதிலேயே காத்திருந்தது. கடற்பஞ்சைத் தவிர வேறெதுவும் சாப்பிடாது. என் குழம்பை மரியாதைக்குக்கூடத் தொடவில்லை. அந்தப் பஞ்சின் கசப்பை உடம்பில் சேர்த்து வைத்திருப்பதால் எந்த மீனும் தன்னை அண்டாது என்று கொஞ்சம் பீற்றிக்கொண்டது. தெருப்பூனை மோந்து பார்த்துவிட்டுப் போனது உண்மைதான்.

செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் “மேட்சிங் நூல் வரல” என்றேன். மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து எனக்கு மத்தியானப் பொழுது நகர்வதே இல்லை. மெஷின் சத்தத்தைக் கேட்டபடி பக்கத்தில் ஒருவர் இருப்பது பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை இறால் மனைவி டிராயரைத் திறந்துவிட்டாள். உள்ளே குங்குமச் சிவப்பு நூல்கண்டு, காகிதம்கூடப் பிரிக்காமல்.

“ஏங்க்கா, ஒங்களுக்கு ஒரு நாளுன்னா எங்களுக்கு அது மாசம்லா?” என்றாள்.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. தொட்டியருகே உட்கார்ந்து கையாலேயே பொடித்தையல் போட்டேன்.

“நூல் அன்னைக்கே இருந்துச்சு,” என்றேன், தலையைத் தூக்காமல். “நீ போயிருவியேன்னுதான்.”

“தெரியும்க்கா,” என்றது. “எனக்கும் மெஷின் சத்தம் பிடிச்சுப் போச்சு.”

அழுதுவிட்டேன். கடைசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். கசந்தது.

சனிக்கிழமை காலை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதை விட்டேன். மடக்கி வைத்திருந்த ஓரம் முழுவதையும் பாவாடை மாதிரி விரித்துச் சுழற்றிக்கொண்டு போயிற்று. ஒரு தையலும் பிரியவில்லை.

மூன்று வாரம் கழித்து இறால் தம்பதி மட்டும் வந்தார்கள்.

“முட்டை இட்டுச்சா?” என்று கேட்டேன்.

“செவப்பு ரிப்பனைச் சுத்தி வச்சாப்புல, ரோசாப்பூ கணக்கா,” என்றான் இறால். “பொறிஞ்சிட்டு. ஒண்ணொண்ணும் தூசியளவு. அவிய அதைப் பாத்துட்டுத்தான் போனாவ.”

பிறகு இறால் மனைவி, தங்களுக்கு இப்போது வீடில்லை என்றாள். என் இடது தோளில் இடமிருந்தது. கொடுத்தேன்.

அவர்களுக்குக் கடல்நீர் இல்லாமல் ஆகாது. அதனால் கடையைக் கழுத்தளவு தண்ணீருக்கு மாற்றிவிட்டேன். வருகிறவர்கள் துணியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அன்றைக்கே தைத்துக் கொடுத்துவிடுகிறேன்.