ஐந்தாவது வீடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று நாலு பேர் சொல்வார்கள். அதில் மூன்று பேர் என்னிடம் விவசாயம் படித்தவர்கள். நாலாவது ஆள் என் கணவர். அவரும் என்னிடம் படிக்க வந்து, என்னைப் படாத பாடு படுத்திய கதைதான் இது.

எங்கள் தெருக்கோடியில், மூடிப்போன பிஸ்கட் தொழிற்சாலையின் மதிலை ஒட்டி ஒரு பயிற்சிப் பண்ணை இருக்கிறது. நான்தான் அதற்குப் பொறுப்பு. மண்வெட்டியைத் தொட்டே பார்க்காதவர்களுக்கு, பூச்சிமருந்தும் ரசாயன உரமும் இல்லாமல் காய்கறி விளைவிக்க ஒரு பருவம் முழுக்கக் கற்றுக்கொடுப்பேன். ஆளுக்கு நாலு பாத்தி, ஆளுக்கு ஐந்து வீடு. விளைவதை ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கம்பக்கத்தில் உள்ள அந்த ஐந்து வீட்டுக்கும் கூடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடைசியில் பரீட்சை எதுவும் கிடையாது. ஐந்து வீட்டுக்காரர்களும் ‘இவர் தொடரட்டும்’ என்று சொன்னால், சொந்தமாகப் பயிர் செய்யப் பண்ணையில் அவருக்கு ஒரு துண்டு நிலம் கிடைக்கும். ஒரு வீடு குறைந்தாலும் கிடைக்காது. கடுமையான விதிதான், போட்டதும் நான்தான். சாப்பிடுகிறவர்களை விடப் பெரிய வாத்தியார் யார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

என் கணவர் பஸ் டிரைவர். வேலையில் இருந்தவரை சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனுஷன். ஓய்வு பெற்ற பிறகு, காலையில் எழுந்து இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்கும் அலைவார். நான் அடுப்பில் பாத்திரத்தை ஏற்றினால் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வை என்பார். மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற பஸ்களில் எது தாமதம் என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. எரிந்து விழுந்துகொண்டே இருந்தேனே தவிர, உள்ளுக்குள் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள், புதிதாகச் சேர வந்தவர்களின் வரிசையில் கடைசி ஆளாக, புத்தம்புது ரப்பர் பூட்ஸோடு அவர் நின்றார். வீட்டில் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்: இங்கே யாரும் யாருக்கும் உறவு கிடையாது, ஒருவர் பாத்தியில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது, முக்கியமாக என் கை யார் பாத்தியிலும் படாது. “சரிங்க டீச்சர்” என்றார் அவர், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு. பக்கத்தில் நின்ற நர்ஸ் புரையேறியவள் போல இருமினாள். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு விவசாயம் படிக்க வந்தவள், அவளுக்கு வாய் சும்மா இருக்காது. அன்று முதல் பண்ணைக்குள் அவர் எனக்கு டிரைவர், நான் அவருக்கு டீச்சர்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. மக்கு உரக் குவியலைக் கிளறி, உள்ளே கையை விட்டுச் சூடு பார்ப்பதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். இஞ்சினைத் தொட்டுப் பார்க்கிற அதே முகம். களையெடுத்தால் ஒரு புல் மிஞ்சாது. குழாயடியில் ஒழுகிக்கொண்டிருந்த நீர்த்தொட்டியை யாரும் சொல்லாமலே அடைத்தார். மதிய வேளையில் தகரக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து நர்ஸோடு வாயடிப்பார். வீட்டுக்கு வந்ததும் இரண்டாம் முறை சோறு கேட்டார். நான் அதைக் கவனிக்காதவள் போல இன்னும் ஒரு கரண்டி சேர்த்துப் போட்டேன்.

தப்பு விதைக்கும்போது நடந்தது. எதையும் கொஞ்சம் கொஞ்சமாக, வாரம் ஒரு வரிசையாக விதைக்க வேண்டும், அப்போதுதான் வாரா வாரம் அறுக்கலாம் என்று நான் தொண்டை வற்றச் சொல்லியிருந்தேன். இவர் என்ன செய்தார் என்றால், ஒரு வரிசை முள்ளங்கி போட்டுப் பார்த்தார். மூன்றே நாளில் அது முளைத்துத் தலை தூக்கியது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே மூன்று பாத்தி முழுக்க முள்ளங்கி விதைத்துவிட்டார். மிச்சமிருந்த ஒன்றில் கேரட். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, இடம் காலியாகக் கிடந்ததே என்றார். பாத்தி காலியாக இருப்பது அவர் கண்ணுக்கு பஸ்ஸில் ஸீட் காலியாக இருப்பது போலப் பட்டிருக்கிறது. என் கை படாது என்று சொன்னவள் நான்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அப்புறம் தெருவில் நடந்த கூத்தைக் கேட்கக் கூடாது. முதல் சனிக்கிழமை கூடை நிறைய முள்ளங்கி, ஐந்து வீட்டிலும் வாயெல்லாம் பல். இரண்டாவது சனிக்கிழமையும் முள்ளங்கி, ஒரு கட்டுக்கு இரண்டு கட்டாக. மூன்றாவது சனிக்கிழமை அவரைத் தூரத்தில் பார்த்ததுமே பிள்ளைகள் “முள்ளங்கி மாமா வர்றாரு” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடின. அதற்குள் முள்ளங்கி முற்றி, வெட்டினால் உள்ளே பஞ்சு பஞ்சாக இருந்தது. நாலாவது சனிக்கிழமை ஒன்றுமே இல்லை. கேரட் அப்போதுதான் சுண்டு விரல் கனம்.

அன்று அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார், மறுபடியும் ஜன்னலோரம்தான் என்று நான் நினைத்தேன். அவர் காலிக் கூடையைக் கழுவித் துடைத்து, எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

“பஸ் வராதுங்கறதைக்கூட யாராவது வந்து சொல்லிட்டா ஜனங்க பொறுத்துக்குவாங்க. சொல்லாம விட்டாத்தான் திட்டுவாங்க” என்றார்.

ஒவ்வொரு வாசலிலும் நின்று, இந்த வாரம் ஒன்றும் இல்லை, அடுத்த வாரமும் இருக்காது, தப்பு என்னுடையது, இனிமேல் உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள், அதைக் கேட்டு விதைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். நாலு வீட்டில் சிரித்துவிட்டு, பீன்ஸ், கீரை, வெங்காயத்தாள் என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். ஐந்தாவது வீடு தையல்காரம்மாவுடையது. அவளுக்கு மூன்று பிள்ளைகள், தலைக்கு மேல் வேலை. காலிக் கூடையைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை, நான் கடையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். அவள் மேல் தப்பே இல்லை.

ஐந்தாவது வீடு இல்லையென்றால் நிலம் இல்லை. வேறு வீடு பிடிக்கலாம், விதியில் இடமுண்டு. ஆனால் பக்கத்துத் தெருக்கள் எல்லாம் மற்ற மாணவர்களிடம் போய்விட்டன. மிச்சமிருந்தவர்கள் முள்ளங்கி மாமா என்ற பெயரைக் கேட்டதுமே கும்பிடு போட்டார்கள். மூன்று நாள் சுற்றிவிட்டு வந்து கொட்டகைப் படியில் உட்கார்ந்தார். நிலம் போனால் இந்த மனுஷன் பழையபடி சுவரோடு பேசப் போய்விடுவார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நர்ஸ்தான் அதை எடுத்துப் போட்டாள். “அக்கா, தெருவுல இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கு. உங்க வீடு.”

நான் ஆடித் தீர்த்துவிட்டேன். வாத்தியார் வீட்டிலேயே ஓட்டு வாங்கி ஜெயித்தால் நாளைக்கு இந்தப் பண்ணையை யார் மதிப்பார்கள் என்று கேட்டேன். அவள் அசரவே இல்லை. மற்ற மாணவர்களையும் கூட்டிவைத்துக்கொண்டு, இந்தத் தெருவில் டிரைவரிடம் இம்மியும் இரக்கம் காட்டாத வீடு எது என்று கேட்டாள். எல்லோரும் ஒரே குரலில் என் வீடு என்றார்கள். அவர் மட்டும் கையைத் தூக்கி, தையல்காரம்மா வீடே தேவலாம் என்றார்.

வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டேன், ஒரு நிபந்தனையோடு. சனிக்கிழமை காலையில் அவர் எனக்குக் கணவர் இல்லை. வெளியிலிருந்து வந்து மணி அடிக்க வேண்டும், பொருள் நன்றாக இல்லையென்றால் இல்லை என்று சொல்வேன்.

அந்தச் சனிக்கிழமை வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால், சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பூட்ஸைக் கால்மிதியில் தேய்த்தபடி என் கணவர். கையில் அதே காலிக் கூடை.

“வணக்கங்க. உங்க வீட்டுக்கு என்ன காய் வேணும்?”

பீன்ஸ் என்றேன். அது டிரைவருக்குப் பிடிக்கும் என்றார். கேரட் என்றேன். அது உங்கள் மகளுக்குப் பிடிக்கும், அவள்தான் கல்யாணமாகிப் போய்விட்டாளே என்றார். இத்தனை வருஷத்தில் நான் எத்தனை பேருக்கு என்ன பிடிக்கும் என்று ஞாபகம் வைத்திருக்கிறேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அவர் அவசரப்படாமல் நின்றுகொண்டிருந்தார்.

“வெந்தயக்கீரை” என்றேன்.

அவர் மூக்கு தானாகவே சுருங்கியது. அந்த வாசனை அவருக்கு ஆகவே ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை வாங்கினேன், அதோடு சரி. “சரிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன். அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மனசு நிறைந்திருந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரிடம் இன்றைக்கு என்ன விதைத்தீர்கள் என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். அதெல்லாம் வாடிக்கைக்காரர்கள் விஷயம், உனக்கு எதற்கு என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் விதைத்த விதத்தைப் பார்க்க வேண்டுமே. வாரத்துக்கு ஒரு வரிசை, அதற்கு மேல் ஒரு விதை விழாது. வெந்தயக்கீரைக்குத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொள்வார். நர்ஸ் தன் பழைய ஆஸ்பத்திரி முகமூடிகளில் ஒன்றைக் கொண்டுவந்து அவருக்கு மாட்டிவிட்டாள். சனிக்கிழமைகளில் கூடை சின்னதாகத்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் கேட்டது இருந்தது. முள்ளங்கி மாமா என்று கத்திக்கொண்டு ஓடின பிள்ளைகள், தங்கள் வீட்டு பீன்ஸ் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று பார்க்கப் பண்ணை வாசலில் வந்து நின்றன.

கடைசிச் சனிக்கிழமையும் வந்தது. நாலு வீட்டிலும் தொடரட்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்ற செய்தியை நர்ஸ் மூச்சிரைக்க ஓடிவந்து சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நன்றாக இல்லையென்றால் இல்லை என்று சொல்வேன் என்றேனே, சொல்ல வேண்டி வந்தால் என்ன செய்வேன்?

மணி அடித்தது. ஈரத் துணியில் சுற்றிய ஒரு கட்டை நீட்டினார். பிரித்தேன். வீடு முழுக்க வெந்தயக்கீரை மணம் பரவியது. எத்தனை வருஷம் ஆயிற்று இந்த மணத்தை மோந்து. ஒரு தண்டை எடுத்து நகத்தால் கிள்ளினேன், சட்டென்று ஒடியவில்லை. நுனியில் ஒன்றிரண்டு பூ. பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். என் வாய் அப்படி எப்போது இருந்திருக்கிறது?

“கீரை கொஞ்சம் முத்திப்போச்சு” என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் மழுப்பவில்லை. “ஆமாங்க. முன்னாடியே பறிச்சிருக்கணும். கடைசி நாளாச்சேன்னு வெச்சிருந்துட்டேன். அடுத்த வரிசை நல்லா இளசா இருக்கு.”

“அடுத்த வரிசையா?”

“வாரா வாரம் ஒரு வரிசை போட்டிருக்கேன். எனக்கு நிலம் கிடைக்கலேன்னாலும் பறிச்சு உங்க வீட்டுல கொடுத்துடச் சொல்லி நர்ஸ்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”

கீரைக்கட்டை மறுபடியும் ஈரத் துணியில் சுற்றினேன். பேசியபோது குரல் வழக்கம்போலக் கோபமாகத்தான் வந்தது.

“நர்ஸ் எல்லாம் வேண்டாம். அடுத்த சனிக்கிழமை நீங்களே வாங்க. இளசா பறிச்சிட்டு வாங்க.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் காலிக் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, சரிங்க, சரிங்க என்று நாலைந்து தடவை சொன்னார். உள்ளே வாருங்கள் என்றேன். பூட்ஸெல்லாம் மண் என்று சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்த மாணவர்களை நோக்கி அந்த பூட்ஸோடு ஓடினார். நர்ஸ் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்த சத்தத்தில், தையல்காரம்மாகூட மாடி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

மதியம் அந்தக் கீரையை ஆய்ந்து, முற்றின தண்டையெல்லாம் ஒதுக்கி, எனக்காகச் சமைத்தேன். அவர் வந்தார், வீட்டில் இருந்த எல்லா ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார், மேஜையின் மறுகோடியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் முதல் வாய் எடுத்து வைத்ததும், “எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறது என்றேன். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவர் அதையே இன்னும் மூன்று தடவை கேட்டார். நானும் சலிக்காமல் மூன்று தடவையும் சொன்னேன்.